குளிரில் பாதியில் நின்றுபோன இஞ்சி பியர்: போத்தலில் அடைக்கலாமா?

கந்தப்பளைத் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வீட்டில் இஞ்சி பியர் போட்டேன். ஒரு கிலோ சீனி, அரைக் கிலோ இஞ்சி, ஆறு தேசிக்காய், பாண் சுடுவதற்குக் கடையில் விற்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. எல்லாம் சேர்ந்து 10 லீட்டர். மலையூற்றுப் பீலித் தண்ணீர்தான், கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேர்த்தேன். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, மேலே துணி கட்டியிருக்கிறது.

அன்று மாலையே நுரை கட்டியது. வாளியில் காதை வைத்தால் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் அடங்கிப்போய், அடியில் வெள்ளையாக மண்டி படிந்திருந்தது. அதன்பிறகு ஒரு குமிழிகூட இல்லை. வாயில் வைத்தால் போட்ட சீனி அப்படியே இருக்கிற மாதிரி இனிப்பு.

வீட்டில் மாடு இருப்பதால் பால்மானி கைவசம் உண்டு. ஈஸ்ட் போடுவதற்கு முன் 37 காட்டியது, இப்போது 35. இரண்டுமே காலையில் பார்த்தது.

முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு போத்தலில் அடைக்கலாமா? இல்லை, இன்னும் ஈஸ்ட் போட வேண்டுமா? பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் திரும்பும்போது ஆளுக்கு இரண்டு போத்தல் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா சொல்கிறார்.

அட்டன்–டொரண்டோ

தம்பி, அடைக்க வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள்: வாளி எங்கே இருக்கிறது, இரவில் அந்த இடம் எவ்வளவு குளிர்?

பால்மானி நல்ல யோசனை. அதில் 37 என்றால் அடர்த்தி 1.037. லீட்டருக்கு 100 கிராம் சீனி கரைந்தால் 1.038 வரும். உங்கள் கணக்கு அதோடு ஒத்துப்போகிறது. முழுக்கப் புளித்தால் அது 1.000 பக்கம் இறங்க வேண்டும், ஏனென்றால் வெறும் சீனியில் ஈஸ்ட் சாப்பிட முடியாத பாகம் எதுவும் இல்லை. உங்களுடையது 35-இல் நிற்கிறது. அதாவது வேலை தொடங்கிய இடத்திலேயே நின்றிருக்கிறது.

கந்தப்பளைத் தம்பி

அண்ணே, வாளி குசினியில், விறகு அடுப்புக்குப் பக்கத்தில். பகலில் நல்ல வெதுவெதுப்பு. இரவு அடுப்பு அணைந்த பிறகு குளிர்ந்துவிடும். இன்று விடியற்காலையில் வாளிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், 11 டிகிரி. ஆனால் இந்த வெப்பமானியை நம்பலாமா தெரியவில்லை. கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் 94-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது.

வேதியியல் சேர்

வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 94 டிகிரிக்குக் கிட்டவே கொதித்துவிடும். கந்தப்பளையும் அதே உயரம்தான். 100 காட்டினால்தான் அந்தக் கருவியைச் சந்தேகப்பட வேண்டும். மலையில் வெப்பமானியைச் சோதிக்க ஐஸ்தான் நல்லது: நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து வையுங்கள், பூச்சியம் காட்ட வேண்டும்.

எனவே 11 டிகிரி என்பது உண்மை. பாண் ஈஸ்ட்டுக்கு, அதாவது இந்த வகை மதுவத்துக்கு, 25 முதல் 30 டிகிரி வரை பிடிக்கும். 15-க்குக் கீழே போனால் ஏறத்தாழ உறங்கிவிடும். பகலில் 22, இரவில் 11 என்று ஏறி இறங்குவது எப்போதும் 16-இல் இருப்பதைவிட மோசம். திடீரென்று குளிர்ந்தால் மதுவக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடிக்கு இறங்கும். நீங்கள் பார்த்த வெள்ளை மண்டி அதுதான். அது செத்துப்போன ஈஸ்ட் இல்லை.

இன்னொன்று, பால்மானியையும் ஒரே வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும். 20 டிகிரிக்கு அளவிட்ட மானியை 12 டிகிரித் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஒன்று கூடுதலாகக் காட்டும். 27 டிகிரிக்கு அளவிட்டதாக இருந்தால் மூன்று கூடும். சுலபமான வழி உண்டு. 100 கிராம் சீனியைக் கரைத்துச் சரியாக ஒரு லீட்டராக்கி, வாளிக்குப் பக்கத்திலேயே ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டையும் அளந்து, இடைவெளியை மட்டும் எழுதுங்கள். கருவியின் பிழை அதில் அடிபட்டுப்போகும். அளக்குமுன் மாதிரியை இரண்டு கோப்பைகளுக்கு இடையே நாலைந்து தடவை ஆற்றி வாயுவை வெளியேற்றுங்கள். மானியில் குமிழி ஒட்டினால் அதைத் தூக்கிவிடும்.

பண்டாரவளை அக்கா

சேர் சொன்னது எல்லாம் சரி. நான் கைப்பழக்கத்தைச் சொல்கிறேன் தம்பி.

வாளியை அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். மீன் வருகிற ரெஜிஃபோம் பெட்டி சந்தையில் கேட்டால் கிடைக்கும், நன்றாகக் கழுவிக் காயவைத்து அதற்குள் வாளியை இறக்குங்கள். இரண்டு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள். மேலே கம்பளியைப் போர்த்துங்கள். காலையிலும் படுக்கப்போகுமுன்பும் தண்ணீரை மாற்றினால் போதும், 20-க்குக் கீழே இறங்காது.

அதற்குப்பிறகு, கொதிநீரில் முக்கி எடுத்த நீளக் கரண்டியால் அடி மண்டியைக் கிளறி மேலே கொண்டுவாருங்கள். பலர் இதைச் செய்யாமல் உடனே இன்னொரு பக்கெட் ஈஸ்ட்டைக் கொட்டுகிறார்கள். அப்படிக் கொட்டினால் குடிக்கும்போது பச்சை மா வாடைதான் அடிக்கும். ஒரு நாள் முழுக்கச் சூட்டில் இருந்தும் அசையவில்லை என்றால் மட்டும் புது ஈஸ்ட்டைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் நேரே தூவ வேண்டாம். கை பொறுக்கும் சூட்டில் அரைக் கோப்பை தண்ணீர், ஒரு தேக்கரண்டி சீனி, அதில் ஈஸ்ட். கால் மணித்தியாலத்தில் தொப்பி மாதிரி நுரை எழும்பினால் அது உயிரோடு இருக்கிறது. எழும்பாவிட்டால் அந்தப் பக்கெட்டை வீசுங்கள். திறந்து மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்த ஈஸ்ட்தான் பாதிப்பேருக்குக் காலை வாருகிறது.

ஸ்ட்ரோபெரிக்காரன்

இதே இழையில் என் கேள்வியையும் போடுகிறேன், கோபிக்க வேண்டாம். நான் நுவரெலியாவில் பழத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். பழத்தின் இனிப்புப் பார்க்கும் பிரிக்ஸ் கருவி கையில் இருக்கிறது. என்னுடைய இஞ்சி பியர் தொடக்கத்தில் 10 காட்டியது. இப்போது 5-இல் நின்று அசைய மாட்டேன் என்கிறது. பாதிச் சீனி மீதி என்றுதானே அர்த்தம்? இடம் குளிரும் இல்லை, அறையில் 21 டிகிரி.

அட்டன்–டொரண்டோ

இல்லை. இந்தக் கருவி ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் பார்க்கிறது. சீனியும் ஒளியை வளைக்கும், மதுசாரமும் வளைக்கும். புளிக்கத் தொடங்கிய பிறகு அது காட்டும் எண் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். சீனி முழுவதும் தீர்ந்த பானத்திலும் 2, 3 என்று காட்டும். 10-இல் தொடங்கி 5 காட்டுகிற உங்கள் பானத்தில், பால்மானிபோல மிதந்து அடர்த்தி காட்டும் நீரமானியை விட்டால் 1.009 அளவில் நிற்கும். நீங்கள் நினைப்பது 1.020. நொதித்தல் நின்றுபோனது என்று வருகிற முறைப்பாடுகளில் நிறைய இந்தக் கருவியால் வருகிறவை. ஈஸ்ட் போடும் வரைக்கும் அதைப் பாவியுங்கள், பிறகு நீரமானிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1.040-இலிருந்து 1.009 என்றால் உங்கள் வாளியில் இருப்பது 4 வீத மதுசாரம். அது இப்போது இஞ்சிச் சுவையுள்ள பியர்.

நெறியாளர்

இந்த இடத்தில் குறுக்கிட வேண்டியிருக்கிறது. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். இந்தக் குழுவில் பேசுவது, வாயுவுக்காகக் கொஞ்சமாகப் புளிக்க வைத்துக் குளிரில் நிறுத்தும் இஞ்சி பானத்தைப் பற்றி. அடர்த்தி 8 புள்ளி, அதாவது 1.037-இலிருந்து 1.029-க்கு, இறங்கினாலே 1 வீத மதுசாரம் வந்துவிடும். எனவே முழுக்கப் புளிக்க வைக்கும் வழிகளை இங்கே உள்நாட்டு உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டாம். குறைவாகப் புளித்ததிலும் மதுசாரம் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். மதுவை அறவே விட்டவர்கள் வீட்டுக்கு வந்தால் என்ன பானம் என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

வேதியியல் சேர்

நெறியாளர் சொன்னது முக்கியம். தம்பியின் கேள்விக்கும் அது பொருந்துகிறது. நமக்கு வேண்டியது முற்றுப்பெறாத நொதித்தல்தான். அது எங்கே நிற்க வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கிறோமா, கந்தப்பளைப் பனி தீர்மானிக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பனியில் நின்றது வெயில் வந்தால் எழும்பிவிடும்.

குளிரைத் தவிர இன்னொரு காரணத்தையும் பார்க்க வேண்டும். ஆறு தேசிக்காய் என்றீர்கள். நம் மலைப் பீலித் தண்ணீர் மென்னீர், அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அமிலத்தைத் தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. சீனித் தண்ணீரிலும் இல்லை. ஆறு தேசிக்காய்ச் சாறு 10 லீட்டரில் விழுந்தாலே பீ.எச். பெறுமானம் (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 3-க்குக் கீழே போய்விடும். ஈஸ்ட் வேலை செய்யச் செய்ய இன்னும் கொஞ்சம் இறங்கும். 3-க்குக் கீழே ஈஸ்ட் திணறும். சோதனைத் தாள் கிடைத்தால் பாருங்கள். குறைவாக இருந்தால் அரைத் தேக்கரண்டி அப்பச் சோடா போதும், பொங்கும், மெதுவாகக் கலக்குங்கள். அடுத்த முறை தேசிக்காயைப் போத்தலில் அடைக்கும் நாளில் சேர்த்தால் இந்தப் பிரச்சினையே வராது. மணமும் அப்போதுதான் நிற்கும்.

பண்டாரவளை அக்கா

தேசிக்காய் கடைசியில் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கூடவே வெள்ளைச் சீனியில் கால் பங்கைக் குறைத்து அந்த அளவுக்குக் கித்துள் கருப்பட்டி போட்டுப் பாருங்கள். வெள்ளைச் சீனியில் ஈஸ்ட்டுக்கு இனிப்பைத் தவிர ஒரு சத்தும் கிடையாது. கருப்பட்டியில் கொஞ்சமாவது உப்புச் சத்து இருக்கிறது, நிறமும் அழகாக வரும். முந்திரிகை வத்தல் போடுவார்கள், அது ருசிக்கு நல்லது, ஈஸ்ட்டுக்குப் பெரிய உதவி என்று எனக்குப் படவில்லை. ஈஸ்ட்டுக்கு ஈஸ்ட்டே நல்ல சாப்பாடு: அரைத் தேக்கரண்டியைக் கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாகடித்து, ஆறவைத்து ஊற்றுங்கள்.

பதுளை வீதி

எல்லோரும் புளிக்க வைப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் போத்தலைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்தவன்.

நத்தாருக்கு மேல் தோட்டத்திலிருந்து உறவினர் கொண்டுவந்த கண்ணாடிப் போத்தல்கள், சோஸ் வந்த வெறும் போத்தல்கள். மேலே குளிரில் ஒரு பிரச்சினையும் இல்லை. பதுளைக்கு வந்து அலுமாரிக்குக் கீழே வைத்த மூன்றாம் நாள் இரவில் ஒன்று வெடித்தது. பக்கத்துப் போத்தலையும் சேர்த்து உடைத்தது. கண்ணாடித் துண்டு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கலண்டரைக் குத்திக் கிழித்திருந்தது. அந்த அறையில் பிள்ளைகள் படுப்பது வழக்கம், அன்று இல்லை.

காரணம் சுலபம். நுவரெலியாவிலிருந்து பதுளை ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே. மேலே உறங்கிய ஈஸ்ட் இங்கே விழித்துக்கொண்டது. சீனி நிறைய மீதி, மூடி இறுக்கம், போவதற்கு வழி இல்லை.

வேதியியல் சேர்

அதற்குக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லீட்டரில் 4 கிராம் சீனி புளித்தால் அந்தப் பானம் தன் கன அளவுக்குச் சமமான காபனீரொட்சைட்டைப் பெறும். பியரில் அப்படி இரண்டரை மடங்கு இருக்கும், கடைச் சோடாவில் மூன்றரை நாலு மடங்கு. பால்மானியில் 4 புள்ளி இறங்குவது லீட்டருக்குப் பத்துக் கிராம் சீனி, அதுவே பியர் அளவு வாயு. தம்பியின் வாளியில் மீதி இருப்பது 35 புள்ளி. அதை மூடிய போத்தலில் முழுக்கப் புளிக்கவிட்டால் பியரில் இருப்பதைப்போல எட்டு ஒன்பது மடங்கு வாயு. எந்தப் போத்தலும் நிற்காது.

புளிக்காமலேயே சூடு மட்டும் ஏறினாலும் அழுத்தம் கூடும். 10 டிகிரியில் இருந்த போத்தல் 30-க்குப் போனால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பு.

ஆகவே சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல் மட்டும். சோஸ், ஜாம், சாராயப் போத்தல் எதுவும் வேண்டாம். கையால் அமுக்கிப் பாருங்கள். கடைச் சோடாப் போத்தல்போல விறைத்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

அட்டன்–டொரண்டோ

எங்கள் ஊருக்கும் இதற்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1880 முதல் 1882 வரை ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் இலங்கையில் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தார். அந்த நோயால் கோப்பி போய்த்தான் மலையெங்கும் தேயிலை வந்தது. அதே மனிதர்தான் 1892-இல் இங்கிலாந்தில் இஞ்சி பியருக்குப் போடும் உறையை ஆராய்ந்து, அதற்குள் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதை வெளியிட்டார். நம் முன்னோர் தேயிலைக்கு வந்த கதையிலும் இந்த வாளியின் கதையிலும் ஒரே ஆள் வருகிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

1881-இல் நுவரெலியாவில் பியர் ஆலை ஒன்றும் இருந்தது. குளிரில் புளிக்கும் லாகர் வகைப் பியருக்குப் போடும் ஈஸ்ட் வேறு இனம், 8 முதல் 14 டிகிரியில் சந்தோஷமாக வேலை செய்யும். நாம் போடுவது பாண் ஈஸ்ட், அதனால்தான் அதே குளிர் நமக்குத் தடையாகிறது.

இங்கே கனடாவில் சொந்தப் பாவனைக்குக் காய்ச்சலாம். இங்குள்ள நம் பிள்ளைகளுக்காக ஒரு வரி: மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) போட்ட பியர் 1.050-இல் தொடங்கி 1.020-இல் நின்றால் அது எப்போதும் ஈஸ்ட்டின் குறை இல்லை. மால்ட்டை 70 டிகிரியில் ஊறவைத்தால் ஈஸ்ட் சாப்பிட முடியாத சர்க்கரை அதிகம் வரும். எவ்வளவு சூடேற்றிக் கிளறினாலும் அதற்குக் கீழே இறங்காது. 65, 66-இல் ஊறவைத்தால் 1.010 பக்கம் போகும்.

கந்தப்பளைத் தம்பி

அக்கா சொன்னபடி ரெஜிஃபோம் பெட்டியில் இறக்கி, மண்டியைக் கிளறிவிட்டேன். சோதனைத் தாளில் 3-க்குக் கொஞ்சம் கீழே காட்டியது, அப்பச் சோடாவும் போட்டேன். மறுநாள் மத்தியானமே நுரை திரும்ப வந்துவிட்டது. இப்போது 22 டிகிரி, பால்மானி 34. புது ஈஸ்ட் தேவைப்படவில்லை.

இன்று மாலை வடிகட்டிப் பிளாஸ்டிக் போத்தலில் அடைக்கிறேன். 30-ஐத் தொட்டதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பேன். போத்தலுக்குள் எப்படி அளப்பது என்பதுதான் புரியவில்லை.

பண்டாரவளை அக்கா

ஒரு போத்தலைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். மற்றவற்றோடு ஒரே இடத்தில் வையுங்கள். கை அமுக்கலில் சந்தேகம் வந்தால் அதை மட்டும் திறந்து, ஆற்றி, அளவுங்கள். எல்லாப் போத்தலிலும் மேலே மூன்று விரல் இடம் விடுங்கள். இந்தச் சூட்டில் ஒரு நாள், கூடினால் ஒன்றரை நாளில் விறைத்துவிடும். அதற்குமேல் வெளியே வைக்க வேண்டாம்.

கந்தப்பளைத் தம்பி

சரி அக்கா. அப்படியானால் கொழும்புக்குக் கொடுத்துவிடுவது?

பதுளை வீதி

வேண்டாம் தம்பி. பஸ்ஸில் ஆறேழு மணித்தியாலம், இறங்கினால் 30 டிகிரி. குளிர்சாதனப் பெட்டியிலும் ஈஸ்ட் சாகாது, மெதுவாகத்தான் போகும். உங்கள் வீட்டுப் போத்தல்களையே ஒரு கிழமைக்குள் குடித்துத் தீர்க்க வேண்டும்.

பண்டாரவளை அக்கா

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: இஞ்சியையும் சீனியையும் கெட்டியாகக் காய்ச்சிப் பாணியாக்கி, ஈஸ்ட் போடாமல், சூட்டோடு சுத்தமான போத்தலில் ஊற்றி மூடிக் கொடுத்துவிடலாம். அங்கே போய் ஒரு பங்கு பாணிக்கு நாலு பங்கு கடைச் சோடா, ஒரு தேசிக்காய் பிழிந்தால் போதும். பிள்ளைகளும் குடிக்கலாம். ஒரு கிலோ சீனிக்கு 600 மில்லி தண்ணீர், இஞ்சி முக்கால் கிலோ, தோல் சீவி இடித்துப் போட்டு இருபது நிமிடம் மெல்லிய நெருப்பில் காய்ச்சி வடிகட்டுங்கள். நம் மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்தாலும் சூடு குறைவு. அதனால் இன்னும் பத்து நிமிடம் சேர்த்தே வைத்துவிடுங்கள்.